அந்த டிக்கை எடுக்காதீர்கள்

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு கணக்கு ஆபீஸ். ஏழு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். மாதாமாதம் 20-ம் தேதி நெருங்கினால் எல்லோர் முகத்திலும் ஜிஎஸ்டி தெரியும். அப்படி ஒரு 18-ம் தேதி காலையில் போன் வந்தது. "அண்ணே, கூகுள் பறக்குது. கணக்கு சாஃப்ட்வேர் மட்டும் பட்டனத் தட்டிட்டு சாயா குடிச்சிட்டு வந்தாலும் சுத்திட்டே கிடக்கு."

போய் உட்கார்ந்து போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டேன். 21 விநாடி. மறுபடி பார்த்தேன், அதே 21. என்னைப் போல கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த எண் பழக்கமானது. ஒரு முகவரியைத் தட்டி பதில் வராவிட்டால் விண்டோஸ் வழக்கமாக 3 விநாடி பொறுக்கும், மறுபடி தட்டி 6, இன்னொரு தடவை தட்டி 12. அதன் பிறகுதான் கைவிடும். இணையத்தில் கருவிகளுக்குத் தரும் முகவரியில் பழைய முறை ஐபிவி4, புதிய முறை ஐபிவி6. அந்த சாஃப்ட்வேர் முதலில் ஐபிவி6 முகவரியைத் தட்டுகிறது, யாரும் திறக்கவில்லை, 21 விநாடி கழித்து பழைய ஐபிவி4 வழியாகப் போகிறது என்று புரிந்தது.

நம்மில் பலர் செய்வதைத்தான் நானும் செய்தேன். விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டர் பிராப்பர்ட்டீஸைத் திறந்து ‘இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 6’ பக்கத்தில் இருந்த டிக்கை எடுத்தேன். ஏழு மெஷினிலும். உடனே பறந்தது. சாயாவும் கூலியும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டு வாரத்தில் புது லேப்டாப் ஒன்று வாங்கினார்கள். அதிலும் 21 விநாடி.

அப்போதுதான் காரணத்தைத் தேடினேன். அது பரணில் இருந்தது. முன்பு வேறு கம்பெனி இணைப்பு இருந்தபோது வைத்த ரவுட்டர், பின் அறைக்கு வைஃபை கிடைக்கட்டும் என்று அங்கே தூசிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதில் பழைய இணைப்பின் ஐபிவி6 முகவரித் தொகுதியை யாரோ கையால் டைப் செய்து வைத்திருந்தார்கள். இணைப்பு மாறியும் அது சும்மா இருக்கவில்லை. "ஐபிவி6-க்கு வழி நான்தான், எல்லாரும் இங்கே வாங்க" என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆபீஸ் முழுக்க அறிவித்துக்கொண்டிருந்தது. போன டேட்டா எல்லாம் பரணோடு நின்றது. யார் டைப் செய்தது என்று கேட்காதீர்கள், அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் என் கையெழுத்து.

எங்கள் தொழிலில் இது பழைய சண்டை. ஐபிவி6 மாதிரி புதிய புரோட்டோகாலை, அதாவது கருவிகள் பேசிக்கொள்ளும் முறையை, சாஃப்ட்வேர் தானாகவே ஆன் செய்து வைக்க வேண்டுமா, வேண்டுமென்பவர் ஆன் செய்துகொள்ளட்டும் என்று விட வேண்டுமா? அந்த டிக்கை எத்தனையோ மெஷினில் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆன் செய்துதான் வைக்க வேண்டும்.

ஐபிவி4-ல் மொத்தம் இருப்பதே சுமார் 430 கோடி முகவரி. உலக அளவில் பங்கிட்டுக் கொடுக்க இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3-ம் தேதியே தீர்ந்துவிட்டன. ஐபிவி6-ன் முகவரி எண்ணிக்கையை எழுதினால் 39 இலக்கம் வரும். இதை வாடிக்கையாளரிடம் விளக்கி, சம்மதம் வாங்கி, ஆன் செய்யச் சொல்வதென்றால் நம் ஆயுசுக்கு நடக்காது. ஜியோ 2016-ல் 4ஜி சேவையைத் தொடங்கியபோதே போனில் ஐபிவி6 தந்தது, யாரும் யாரையும் கேட்கவில்லை. குளச்சல் துறைமுகத்தில் நின்று மீன் விலையை வாட்ஸாப்பில் அனுப்புகிறவருக்குத் தன் போனில் எந்த ஐபி ஓடுகிறது என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

ஆனால் ஆன் செய்து வைக்கிறவர் இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்ய வேண்டும்.

ஒன்று, வழி அடைத்திருந்தால் சட்டென்று மாறத் தெரிய வேண்டும். அந்த ஆபீஸில் கூகுள் மட்டும் ஏன் பறந்தது? பிரவுசர்கள் ஐபிவி6-ஐத் தட்டிவிட்டு கால் விநாடி அளவுக்குத்தான் காத்திருக்கும், உடனே ஐபிவி4-ஐயும் தட்டும், எது முதலில் திறக்கிறதோ அதில் நுழையும். இந்த முறைக்கு 2012-லேயே பொது விதி எழுதியாகிவிட்டது, 2017-ல் திருத்தியும் தந்தார்கள். கணக்கு சாஃப்ட்வேர் எழுதியவர் அதைப் படிக்கவில்லை, அவ்வளவுதான். சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: டேட்டாபேஸில் ஐபி முகவரிக்கு 15 எழுத்து இடம் ஒதுக்கி வைத்திருக்கிறீர்களே, ஐபிவி6 முகவரி 39 எழுத்து வரை நீளும். யார் வந்துபோனார் என்று பதிந்துவைக்கும் லாக்கில் பாதி முகவரியை வைத்துக்கொண்டு திருடனை எப்படிப் பிடிப்பது?

இரண்டாவது, கதவு. இதைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

கருங்கல் பக்கம் ஒரு வீடு. மகன் கத்தாரில், அம்மா மட்டும் இங்கே. நம் மாவட்டத்தில் இப்படி எத்தனை வீடு, எத்தனை கேமரா! கேமராவை அங்கிருந்து பார்க்க முடியவில்லை என்று அழைத்தார்கள். ரவுட்டருக்குக் கிடைத்திருந்த முகவரி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை இருந்தால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள் என்று பொருள். வெளியே இருந்து வருவதை உள்ளே இருக்கும் கருவிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கில் எவ்வளவு மல்லுக்கட்டினாலும் வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லை. ஆனால் கேமரா பெட்டிக்குத் தனியாக ஒரு ஐபிவி6 முகவரி கிடைத்திருந்தது. வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அந்த முகவரியைப் போட்டுப் பார்த்தேன். லாகின் பக்கம் வந்து நின்றது. கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டையே போட்டேன். அடுக்களையும் முற்றமும் தெளிவாகத் தெரிந்தன.

"அப்போ ரோட்டுல போறவனெல்லாம் என் அடுக்களையப் பாப்பானா மக்களே?" என்றார் அம்மா.

பார்க்க முடியும். அந்த ரவுட்டரில் ஐபிவி6 ஆன், வெளியாரைத் தடுக்கும் கதவான ஃபயர்வால் அதற்கு ஆஃப். கம்பெனியிலிருந்தே அப்படி வந்திருந்தது. ஐபிவி4 காலத்தில் ஒரே முகவரியின் பின்னால் எல்லாக் கருவியும் ஒளிந்திருந்ததால், கதவு இல்லாமலே கதவு இருப்பதுபோல ஓடிவிட்டது. ஐபிவி6-ல் ஒவ்வொன்றும் தெருவைப் பார்த்த வீடு. வரிசையாகத் தட்டிக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு முகவரிகள் அதிகம் என்பார்கள், அது உண்மைதான். ஆனால் முகவரி ஏதோ ஒரு லாக் வழியாக வெளியே போனால் முடிந்தது. ஃபயர்வாலை ஆன் செய்தேன், பாஸ்வேர்டை மாற்றினேன், மகன் மட்டும் உள்ளே வர விபிஎன் என்ற தனிப்பாதை போட்டுக் கொடுத்தேன். அம்மா அதன் பிறகும் அடுக்களைக் கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

2024 ஆகஸ்டில் விண்டோஸின் ஐபிவி6 பகுதியிலேயே பெரிய ஓட்டை ஒன்று வெளியானபோது, "பாத்தியா, நான் அப்பவே ஆஃப் பண்ணச் சொன்னேன்" என்று நண்பர்கள் பிடித்துக்கொண்டார்கள். மைக்ரோசாஃப்ட் அதே மாதம் அப்டேட் தந்துவிட்டது. அப்டேட்டே போடாத மெஷினுக்கு ஐபிவி4-லும் ஆபத்துதான். விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் ஐபிவி6 ஆனில்தான் இருக்கிறது. அதை அணைக்க வேண்டாம் என்பதே மைக்ரோசாஃப்டின் பொதுவான அறிவுரை.

தம்பிமார்களே, அவசரத்துக்கு வேறு வழியில்லை என்றால் விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஐபிவி4-க்கு முன்னுரிமை கொடுக்கும் மாற்றம் இருக்கிறது, அதைச் செய்யுங்கள். ஐபிவி6 உயிரோடு இருக்கும், வாடிக்கையாளரின் வேலையும் ஓடும். அதற்குள் பரணில் ஏறிப் பாருங்கள். எதை மாற்றினீர்கள், எந்தத் தேதியில் என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதி மெஷினில் ஒட்டிவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்து அங்கே போய் நிற்கப்போவதும் நாமாகத்தான் இருக்கும்.