சில்லபா: பிடித்ததும் கட்டியதும்

ஓர் உயிரொலியை நடுவாகக் கொண்டு ஒரே வீச்சில் ஒலிக்கும் துண்டை இத்தாலியர் ‘சில்லபா’ என்கிறார்கள். லத்தீன் வழியாக வந்த கிரேக்கச் சொல் இது. ‘சுன்’ என்றால் சேர்த்து, ‘லம்பானெய்ன்’ என்றால் பிடித்தல். எழுத்துகளைச் சேர்த்துப் பிடித்தது சில்லபா.

இந்தச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது? தமிழில் இதற்கு ‘அசை’ என்கிறோம். அசை என்றதும் ஆடுவதுதான் நினைவுக்கு வரும். ஆனால் அசைத்தலுக்குக் கட்டுதல் என்றும் பொருள் உண்டு. ‘புலித்தோலை அரைக்கசைத்து’ என்று சுந்தரர் பாடும்போது, சிவபெருமான் தோலை ஆட்டவில்லை, இடுப்பில் கட்டியிருக்கிறார். செய்யுள் இலக்கணமான யாப்பு என்பதற்கும் கட்டு என்றே பொருள். கிரேக்கர் பிடித்ததை நாம் கட்டினோம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான்.

ஆனால் பொருத்தம் முழுமையானதல்ல. இத்தாலியர் சில்-ல-பா என்று மூன்றாகப் பிரிப்பதை நம் யாப்பு சில்-லபா என்று இரண்டாக்கும்: முதலது நேரசை, அடுத்தது நிரையசை; நேர் நிரை சேர்ந்த சீருக்குக் கூவிளம் என்று பெயர். குறிலோடு குறிலோ நெடிலோ இணைந்தால் நமக்கு ஒரே அசை.

மெய்யெழுத்திலும் வேறுபாடு உண்டு. பூனையைக் குறிக்கும் ‘கத்தோ’ கத்-தோ என்று பிரியும், நம் ‘பத்து’ பத்-து என்று பிரிவதுபோல. ‘பாஸ்தா’வையோ அவர்கள் பா-ஸ்தா என்று பிரித்து எழுதுகிறார்கள். ‘ஸ்த்’ என்று சொல் தொடங்குவது அவர்களுக்கு இயல்பு. நட்சத்திரம் அங்கே ‘ஸ்தெல்லா’. தமிழில் சொல் அப்படித் தொடங்காது; நம் வாய்க்கு அது பாஸ்-தா, நேர் நேர் சேர்ந்த தேமா.

சொல்லாக்கத்துக்கும் அசைக்கும் ஒட்டுறவு குறைவு. ‘ஸ்பாகோ’ என்றால் கயிறு. சிறுமை விகுதியின் பன்மையான ‘எத்தி’ சேர்ந்தால் ஸ்பாகெத்தி, சிறு கயிறுகள். பகுதி ஸ்பாக், விகுதி எத்தி, அசையோ ஸ்பா-கெத்-தி. ‘பாடு+இன்+ஆன்’ என்பது பா-டினான் ஆவதும் இப்படித்தான். நமக்குப் பழகிய மலேரியாவும் இத்தாலியச் சொல்லே. மாலா கெட்டது, ஆரியா காற்று. இரண்டும் சேர்ந்து மா-லா-ரியா ஆனபின், கெட்டது எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று அசை சொல்லாது.

பிரிக்கும் செயலான ‘சில்லபாத்சியோனே’வுக்கு அசைபிரிப்பு என்பதே போதும். சில்லபாவுக்கும் அசை பொருந்தும். யாப்பும் மொழியியலும் ஒரே பக்கத்தில் வரும்போது மட்டும் ‘ஒலியசை’ என்று எழுதலாம். நிரையசை ஒன்றில் ஒலியசை இரண்டு என்றால் மாணவருக்குக் குழப்பம் இராது.