பிளாக் டேங்குக்குத் தண்ணி காட்டுங்கள்

"அண்ணா, ட்ரெய்லர் பிளாக் டேங்க் நிரம்பிடுச்சுன்னு மூணு லைட்டும் எரியுது. காலையிலதான் டம்ப் பண்ணிக் காலி செஞ்சேன். சென்சார் போயிடுச்சு போல. ஆன்லைன்ல புதுசு ஆர்டர் போட்டுட்டேன், நீங்க வந்து மாட்டித் தர முடியுமா?"

நீண்ட வார இறுதி முடிந்த திங்கட்கிழமை சாயங்காலம் எனக்கு வரும் போன்களில் பாதி இந்த ராகம்தான். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சக்கர வீடுகளான ட்ராவல் ட்ரெய்லர்களை, டெக்சாஸில் வீடு தேடிப் போய்ப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. கூரை ஒழுகல், ஏசி, பிரேக் எல்லாம் பார்ப்பேன். ஆனாலும் என் வண்டியில் சீக்கிரம் தீர்ந்துபோவது கையுறைப் பெட்டிதான்.

"கேம்ப்ல இருந்த நாலு நாளும் பிளாக் வால்வைத் திறந்தே வெச்சிருந்தீங்களா தம்பி?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஆமாண்ணா. சைட்லயே சாக்கடைக் கனெக்‌ஷன் இருந்துச்சு. வீட்டுல மாதிரி அதுபாட்டுக்குப் போகட்டும்னு விட்டுட்டேன்."

வினை அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

ட்ரெய்லரில் மூன்று டேங்குகள். குடிக்க, குளிக்க நல்ல தண்ணீர் ஒன்றில். சிங்க், ஷவர் தண்ணீர் போய்ச் சேர்வது கிரே டேங்க். டாய்லெட்டுக்கு நேர் கீழே இருப்பது பிளாக் டேங்க். நடுத்தர ட்ரெய்லர்களில் கழிவு டேங்க் ஒவ்வொன்றும் பெரும்பாலும் முப்பது நாற்பது காலன், அதாவது 115 முதல் 150 லிட்டர் வரை பிடிக்கும். தரைக்கு அடியில் தட்டையாகக் கிடக்கும் பிளாஸ்டிக் பெட்டி, அவ்வளவுதான். வெளியேறும் வாய் ஒரு ஓரத்தில், மூன்று அங்குலக் குழாய்.

அமெரிக்க வீட்டு டாய்லெட் ஒரு ஃப்ளஷுக்கு ஆறு லிட்டர் வரை இறைக்கும். ட்ரெய்லரில் காலால் மிதிக்கும் பெடல். மிதிக்கிற வரைக்கும்தான் தண்ணீர். எல்லோரும் சிக்கனம் பார்த்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிடுவார்கள். இதில் வால்வும் திறந்திருந்தால், நீர் மட்டும் வழிந்து போய்விடும். கெட்டியானது விழுந்த இடத்திலேயே உட்காரும். அதன்மேல் அடுத்தது. நாலு நாளில் டாய்லெட் குழாய்க்கு நேர் கீழே கறையான் புற்று மாதிரி ஒன்று எழும்பி நிற்கும். டெக்சாஸ் வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

மறுநாள் அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய், டாய்லெட் பெடலை மிதித்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். புற்றின் நுனி குழாய் வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் இருந்தது. மேலே பேப்பர் காய்ந்து, தேன்கூடு மாதிரி மொரமொரவென்று. டேங்கின் பக்கச் சுவரில் வெவ்வேறு உயரத்தில் சிறு உலோக முனைகள் இருக்கும். அவற்றுக்கிடையே ஈரம் பட்டு மின்சாரம் கடந்தால் அந்த அளவுக்கு நிரம்பியிருப்பதாக விளக்கு எரியும். முனைமேல் ஈரப் பேப்பர் ஒட்டிக்கொண்டாலும் அதற்குத் தண்ணீராகத்தான் தெரியும். சென்சார்மேல் பாவமே இல்லை.

மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற மாதிரி இந்த டேங்குக்கும் தண்ணி காட்ட வேண்டும். நான் சொல்லும் வைத்தியத்தில் முக்கால்வாசி இவ்வளவுதான். வால்வை மூடியே வையுங்கள். கேம்பில் சாக்கடைக் குழாய் பக்கத்திலேயே இருந்தாலும் மூடியே வையுங்கள். கெட்டியாகப் போகும்போது பெடலை முழுசாக மிதிப்பதற்கு முன்னால் கிண்ணத்தில் பாதிக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகுதான் திறப்பது. அதற்குள் ஊருக்குக் கிளம்ப வேண்டி வந்தால், பக்கெட்டால் டாய்லெட் வழியே ஊற்றி நிரப்பிவிட்டுத் திறந்துவிடுங்கள். மதகைத் திறந்தால் ஏரித் தண்ணீர் சேற்றையும் வாரிக்கொண்டு போவதில்லையா? அந்த வேகம் நமக்கு வேண்டும். கைப்பிடியைப் பயந்து பயந்து பாதி இழுத்தால் அது வராது. ஒரே இழுப்பு.

முதலில் பிளாக். அது ஓடி முடித்ததும் வால்வை மூடிவிட்டு கிரே. சோப்புத் தண்ணீர், கழிவை வெளியேற்றும் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும். வரிசையை மாற்றிச் செய்துவிட்டு, ஹோஸைச் சுருட்டும்போது முகம் சுளிப்பவர்களை, கழிவு கொட்டும் டம்ப் ஸ்டேஷன்களில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அலசுவதற்கு மூன்று வழி உண்டு. டாய்லெட் வழியாக உள்ளே விடும் நீளக் கம்பி ஸ்ப்ரேயர், வெளியேறும் குழாயில் மாட்டி எதிர்த்திசையில் பீய்ச்சும் இணைப்பு, பல ட்ரெய்லர்களில் டேங்குக்குள்ளேயே பொருத்தி வரும் ஃப்ளஷ். எதைச் செய்தாலும், கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் எல்போ (வளைந்த இணைப்பு) ஒன்றை ஹோஸின் தொடக்கத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்களை நான் வற்புறுத்தி வாங்க வைக்கும் ஒரே பொருள் அதுதான். முதலில் டிகாஷன் நிறத்தில் ஓடும். பிறகு கலங்கலாக. பிறகு தெளிந்ததுபோல இருக்கும், நம்பிவிடாதீர்கள். வால்வை மூடி, கால் டேங்க் தண்ணீர் விட்டு மறுபடி திறந்தால் பேப்பர் துணுக்குகள் இன்னொரு படை வரும். இரண்டு மூன்று தடவை.

இந்த உள் ஃப்ளஷ் இருக்கிறதே, என் தொழிலில் எனக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுப்பது அதுதான். பிளாக் வால்வு மூடியிருக்கும்போது ஃப்ளஷ் குழாயைத் திறந்துவிட்டு, "அஞ்சு நிமிஷம் ஊறட்டும்" என்று ஆபீஸ் மீட்டிங்கில் போய் உட்கார்ந்தார் ஒருவர். நாற்பது காலன் டேங்க், நிமிஷத்துக்கு நாலு காலன் என்றால் பத்தே நிமிஷம். மீட்டிங் பத்து நிமிஷத்தில் முடியுமா? தண்ணீர் டாய்லெட் வழியே பொங்கி, ஹால் கார்ப்பெட்டைத் தாண்டி, படிக்கட்டில் இறங்கி வரும்போதுதான் அவர் எழுந்திருக்கிறார். டாய்லெட் ரப்பர் கெட்டியாகப் பிடித்திருந்தால் கூரை வென்ட் குழாய் வழியே மேலேறி வழியும். டேங்க் விரிசல் விட்டதும் உண்டு. வால்வை மூடி ஃப்ளஷ் ஓட விட்டீர்களானால் குழாயை விட்டு ஒரு அடி நகராதீர்கள். போனில் டைமர் வைத்தால் போதாது; கை குழாயிலேயே இருக்கட்டும்.

இனி ஹோஸ் விஷயம். டேங்க் அழுக்கு டேங்குக்குள்தான் இருக்கும், யாரையும் படுக்க வைக்காது. படுக்க வைப்பது ஹோஸ். டம்ப் ஸ்டேஷனில் "குடிக்க உகந்ததல்ல" என்று போர்டு மாட்டிய குழாய் ஒன்று தொங்கும். முன்னால் வந்தவர் அதன் முனையைத் தன் சாக்கடை ஹோஸுக்குள் முழங்கை ஆழத்துக்கு விட்டு அலசியிருப்பார். அடுத்து வந்த குடும்பம் அதே குழாயில் நல்ல தண்ணீர் டேங்கை நிரப்பிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்து, ஓடிப்போய் நிறுத்தியிருக்கிறேன். குடிதண்ணீருக்கு வெள்ளை அல்லது நீல ஹோஸ். அலச வேறு நிறம். இரண்டையும் ஒரே பெட்டியில் சுருட்டி வைக்கவே கூடாது. ஒரு வீட்டில் இதை நான் இங்கிலீஷும் தமிழுமாக நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது, மதுரையிலிருந்து வந்திருந்த அந்த வீட்டு அம்மா குறுக்கே வந்தார்: "கருவாடு அரிஞ்ச கத்தியில பழத்த நறுக்குவியா? அதத்தான அவரு சொல்றாரு." அதற்குமேல் நான் விளக்கவில்லை.

ஒருவேளை கலந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால், நல்ல தண்ணீர் டேங்கில் ஒவ்வொரு பதினைந்து காலனுக்கும் கால் கப் வாசனையில்லாத பிளீச் கலந்து, எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை திறந்துவிட்டு, இரவு முழுக்க ஊறவைத்து, வாடை போகும்வரை அலசுங்கள். அதே பிளீச்சை பிளாக் டேங்கில் ஊற்றிவிடாதீர்கள். சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் நச்சுவாயு கிளம்பும். வேலை முடிந்ததும் சானிடைசரைத் தடவிக்கொண்டு திருப்திப்படுகிறவர்களுக்கு ஒன்று: வாந்திபேதி கொடுக்கும் நோரோ வைரஸிடம் சானிடைசரின் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான்.

நம் வீடுகளுக்கு இதில் ஒரு நல்ல பழக்கமும் ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. மக்கை மறக்காமல் எடுத்துக்கொண்டு போகிறோமே, அது டேங்குக்கு அமிர்தம். பேப்பர் குறைவு, தண்ணீர் அதிகம். கூச்சப்பட்டுக்கொண்டு மக்கை ஒளித்து வைக்கிறார்கள். நான் பார்த்தால் சந்தோஷப்படுவேன். ஆனால் குழந்தைகளுக்கென்று வாங்கிய வெட் வைப்ஸ், "ஃப்ளஷ் செய்யலாம்" என்று அட்டையில் எழுதியிருந்தாலும், டேங்குக்குள் போகக்கூடாது. சந்தேகமிருந்தால் ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அதைப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். டாய்லெட் பேப்பர் கூழாகும். வைப்ஸ் துவைத்த கைக்குட்டையாக வெளியே வரும்.

கெட்ட பழக்கம் சமையலறையில். கிரே டேங்க் என்றால் சோப்புத் தண்ணீர் மட்டும்தானே என்று சாம்பார் வாளியை அப்படியே சிங்கில் கவிழ்ப்பது, வடை சுட்ட எண்ணெயை ஊற்றுவது, மாவு கரைத்த பாத்திரத்தைக் கழுவி விடுவது. மூன்று நாள் வெயிலில் அந்த டேங்க் புளித்து எழும்பும் நாற்றத்துக்கு முன்னால் பிளாக் டேங்க் எவ்வளவோ மேல். போன வருஷம் கிரே வால்வு சொட்டுகிறது என்று ஒரு அழைப்பு. நாலு போல்ட்டைக் கழற்றித் தகட்டை உருவினேன். தகடு போய் உட்காரும் ரப்பர் பள்ளத்தில் ஏழு கடுகும், நரம்பு மட்டும் மிஞ்சிய ஒரு கறிவேப்பிலையும். கடுகுகளை எண்ணித் தட்டில் வைத்துக் காட்டியதும் அந்த வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இப்போது சிங்கில் டீ வடிகட்டி வலை போட்டிருக்கிறார். தட்டை முதலில் பேப்பரால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவினால் இன்னும் நல்லது.

நாற்றம் என்றதும் கடைக்கு ஓடி மருந்து வாங்குவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். பாத்ரூம் கூரை மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது பெடலை மிதித்தால், விசிறி காற்றை டேங்குக்குள்ளிருந்தே உறிஞ்சி இழுக்கும். விசிறியை அணைத்துவிட்டு மிதியுங்கள். ரொம்ப நாள் நிறுத்தி வைத்த ட்ரெய்லரில் சிங்க், ஷவர் அடியிலுள்ள வளைகுழாயில் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு டம்ளர் ஊற்றினால் வாயு நின்றுவிடும். மருந்து வேண்டுமென்றால் பாக்டீரியா, என்சைம் வகை போதும். ஃபார்மால்டிஹைடு கலந்ததை நான் தொடுவதில்லை. மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று வகைப்படுத்தப்பட்ட சரக்கு அது. கேம்ப்களின் செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். கலிஃபோர்னியாவில் இந்த உபயோகத்துக்கு அதை விற்கவே தடை.

எங்கே கொட்டுவது? பெரிய கேம்ப் மைதானங்களிலும், ஃப்ளையிங் ஜே, லவ்ஸ் மாதிரி ட்ரக் ஸ்டாப்கள் பலவற்றிலும் டம்ப் ஸ்டேஷன் உண்டு. எல்லோஸ்டோன் போகிறவர்கள் கவனியுங்கள்: பூங்காவுக்குள் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க் ஒன்றில்தான் சைட்டுக்கே சாக்கடை இணைப்பு இருக்கிறது. மற்ற இடங்களில் உங்கள் டேங்க் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் கணக்கு. "பாத்திரம் கழுவின தண்ணிதானே" என்று கிரே வால்வை மண்ணில் திறந்துவிடுவதும் தேசியப் பூங்காக்களில் குற்றம்தான். யாருக்கும் தெரியாது என்று நினைப்பவர்கள் 2004 ஆகஸ்ட் 8-ஐ நினைத்துக்கொள்ளட்டும். அன்று சிகாகோ கின்சி தெருப் பாலத்தில் டேவ் மேத்யூஸ் பேண்ட் என்ற ராக் இசைக்குழுவின் பேருந்து ஒன்றிலிருந்து ஏறத்தாழ 800 பவுண்டு கழிவைப் பாலத்தின் கம்பிச் சட்டம் வழியே திறந்துவிட்டார்கள். கீழே ஆற்றில் நகரக் கட்டடங்களைப் பார்க்கக் கிளம்பிய படகு. மேல்தளம் திறந்த படகு, நிறைய ஜனம். வழக்கு நடந்தது, அபராதமும் வந்தது.

கொட்டாமல் நிறைத்துக்கொண்டே ஊர் வந்து சேரலாம் என்பதும் வேண்டாம். நாற்பது காலன் என்றால் 150 கிலோ. அது ட்ரெய்லருக்குள் அலைமோதிக்கொண்டு வரும்போது, பக்கத்தில் ஒரு பெரிய ட்ரக் கடந்தால் ஸ்டீயரிங்கில் தெரியும்.

காலி செய்த பிறகு வெறுமனே விட்டுவிடாமல் ஏழெட்டு லிட்டர் தண்ணீரும் மருந்தும் ஊற்றி வைப்பது அடுத்த பயணத்துக்கான முதல் வேலை. ஐஸ் கட்டிகளைக் கொட்டி ஓட்டிக்கொண்டு போனால் உரசிச் சுத்தமாகும் என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது. மிதக்கிற ஐஸ் அடியில் ஒட்டியதை எப்படிச் சுரண்டும்?

அந்தத் தம்பியின் புற்றுக்கு மூன்று நாள் பிடித்தது. வெதுவெதுப்பான தண்ணீரால் டேங்கைக் கழுத்து வரை நிரப்பி, என்சைம் ஊற்றி, ஒரு நாள் ஊறவிட்டோம். மறுநாள் பக்கத்து டம்ப் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போய் ஒரே இழுப்பில் திறந்தேன். எல்போவில் முதலில் தண்ணீர். பிறகு கட்டிகட்டியாக வந்து அடைத்து, உடைந்து, மறுபடி ஓடியது. திரும்பவும் நிரப்பினோம். மூன்றாம் நாள் அலசி முடித்துவிட்டுப் பட்டனை அழுத்தினால் காலி விளக்கு மட்டும் எரிந்தது. அதற்குள் வாசலில் அவர் ஆர்டர் போட்ட சென்சார் பெட்டி வந்து கிடந்தது. ஒட்டின டேப்பைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.