குஞ்சு பொரியும் முன் தீனி தயாராக வேண்டும்

போன ஜனவரியில் கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் பிளாஸ்டிக் டப்பாவோடு என்னிடம் வந்தார். உள்ளே ஆக்சலாட்டல் குஞ்சுகள், அதாவது தண்ணீரிலேயே வாழும், தவளைக்கு உறவான சாலமண்டர் குஞ்சுகள். அரை அங்குலம்தான் இருக்கும். பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன.

"முட்டை மஞ்சக்கருவைக் கரைச்சு ஊத்தினேன் டாக்டர், தொடவே இல்லை."

தொடாது. இந்த வயதில் கண்முன்னே அசைவதைத்தான் அவை கவ்வும். பொரிந்த இரண்டு மூன்று நாள் வயிற்றிலிருக்கும் மஞ்சக்கரு தாங்கும். அதற்குள் உயிருள்ள தீனி கிடைக்காவிட்டால் பட்டினிதான். கொஞ்சம் வளர்ந்தவை பசியில் பக்கத்துக் குஞ்சின் காலைக் கடித்துவிடும். முட்டை பொரிய இரண்டு மூன்று வாரம் ஆகிறதே, அந்த நாட்களில் தீனி வளர்க்கப் பழகிவிடுங்கள்.

முதல் தீனி ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறால். அலங்கார மீன் கடைகளில் முட்டையாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல் உப்பு, விடாமல் ஓடும் ஏர் பம்ப், 27 டிகிரி சூடு இருந்தால் ஒரு நாளில் பொரியும். நம் மலையில் சிக்கலே அந்தச் சூடுதான். ஜனவரியில் சமையலறைகூட 15 டிகிரியைத் தாண்டாத வீடுகள் உண்டு. அங்கே பல முட்டைகள் பொரியாமலே போகும். தெர்மாகோல் பெட்டிக்குள் குண்டு பல்பு வைக்கிறார்கள். தீப்பிடிக்கும், தயவுசெய்து வேண்டாம். வாளித் தண்ணீரில் மீன்தொட்டி ஹீட்டரைப் போட்டு, அதில் பாட்டிலை நிறுத்துங்கள்.

பொரிந்ததும் பம்பை நிறுத்தி, பாட்டிலின் அடியில் டார்ச் அடித்தால் குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வந்து கூடும், ஓடுகள் மேலே மிதக்கும். டியூப் வைத்து உறிஞ்சி, வேட்டித் துணியில் வடிகட்டி, உப்புப் போக அலசிப் போடுங்கள். நல்ல தண்ணீரில் சில மணி நேரத்தில் அவை செத்து அழுகும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, தினம் இருமுறை போட்டால் போதும்.

அடுத்தது டாஃப்னியா என்ற நீர்த் தெள்ளுப்பூச்சி. இதற்கு நம் குளிர் ஒத்துவரும். வெயிலில் வைத்த தொட்டித் தண்ணீர் பச்சையானதும் விட்டால் பெருகும்.

ஆனால் ஓடையிலோ தேயிலைத் தோட்டத்துக் குட்டையிலோ அள்ளாதீர்கள். அந்த மாணவர் கடைசியில் அதைத்தான் செய்திருந்தார். தேயிலை இலையின் கொப்புள நோய்க்கு அடிக்கும் தாமிர மருந்து மழையில் அங்கேதான் வடிகிறது. மிகக் கொஞ்சம் தாமிரமே டாஃப்னியாவையும் செவுளோடு இருக்கும் குஞ்சையும் கொல்லும். தும்பிக் குஞ்சு ஒன்று கூடவே வந்தால் அது ஆக்சலாட்டல் குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய கவலை. ஆக்சலாட்டலின் சொந்த ஊரான மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியும் அதே உயரம்தான். சமவெளியில் ஓடையில் விட்டால் சூட்டில் செத்துவிடும், இங்கே பிழைத்துக்கொள்ளலாம். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையையும் அது சுமந்து வரக்கூடும். உலகில் வேறெங்கும் இல்லாத தவளைகள் இந்தச் சோலைகளில் வாழ்கின்றன. தொட்டித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து வைத்திருந்து கழிவறையில் ஊற்றுங்கள். ஒரு சொட்டுகூட ஓடைக்குப் போகக் கூடாது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பின் ஆக்சலாட்டல் வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும் அப்படியே.

அந்த மாணவரிடம் மிஞ்சியவை பதினொன்று. இப்போது விரல் நீளம் வளர்ந்து, நறுக்கிய மண்புழு தின்கின்றன.