இருபது யூனிட் எப்படி ஐம்பது ஆகிறது?

இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது. ஒன்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், மற்றொன்றில் 100 யூனிட். முதல் வகைக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு; அந்தந்தச் செறிவுக்கு ஏற்பவே அவற்றில் யூனிட் கோடுகள் இருக்கும். மருத்துவர் 20 யூனிட் என்று எழுதியிருக்க, 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை மருந்தை இழுத்தால், சிரிஞ்சுக்குள் வருவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். நோயாளியின் சர்க்கரை அளவு தாழ்ந்து அவர் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இதுவே தலைகீழாக நடந்தால் அவருக்குக் கிடைப்பது வெறும் 8 யூனிட்.

இந்தப் பிழையைச் செய்பவர் பெரும்பாலும் பாடம் தெரியாதவர் அல்லர். வேலூரில் சிஎம்சி மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் 1909ஆம் ஆண்டிலேயே செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் செவிலியப் பட்டப்படிப்பும் இங்கு வந்துவிட்டது. ஆனால் கல்லூரி கற்பிப்பது மருந்து உடலில் என்ன செய்யும் என்பதை. அந்த மருந்து கேஸ் ஷீட்டிலிருந்து பார்மசிக்கும், அங்கிருந்து நோயாளியின் நரம்புக்கும் போகும் வழியில் எங்கெங்கே தடம் புரளும் என்பதைக் கற்பிக்கவே பணியில் இருப்போருக்கான நோயாளி பாதுகாப்புப் பயிற்சிகள் உள்ளன. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் மூவரையும் ஒரே வகுப்பில் அமர்த்தினால்தான் இதில் பலன் உண்டு. ஏனெனில் பிழை பெரும்பாலும் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறும் இடத்தில்தான் பிறக்கிறது.

அடையாளம் சரிபார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். ரத்தினகிரி, வள்ளிமலை என முருகன் கோயில்கள் இருக்கும் வட ஆற்காட்டில் ஒரே வார்டில் இரண்டு முருகன்கள் படுத்திருப்பது அதிசயமில்லை. “நீங்க முருகன்தானே?” என்று கேட்டால் காது மந்தமான பெரியவரும் தலையாட்டுவார், சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்து வந்து, தமிழ் புரியாமல் படுத்திருப்பவரும் தலையாட்டுவார். “உங்க பேர் என்னங்க?” என்று கேட்டு, அவர் சொல்லும் பெயரையும் கைப்பட்டையிலுள்ள மருத்துவமனை எண்ணையும் கேஸ் ஷீட்டோடு ஒப்பிட வேண்டும். கேட்க எளிதாகத் தோன்றும் இந்தப் பழக்கம், விரிவுரை கேட்டு வருவதில்லை. ஒருவர் நோயாளியாக நடிக்க மற்றவர் கேட்டுப் பழகும்போதுதான் வாயில் பதிகிறது.

இதையே பெரிய அளவில் செய்வதற்குப் பிழை அறை என்றொரு முறை உண்டு. ஒரு கட்டில், ஒரு பொம்மை நோயாளி, அருகில் ஒரு மருந்துத் தட்டு. பெனிசிலின் ஒவ்வாமை என்று கேஸ் ஷீட்டில் இருக்கும், தட்டில் அதே வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் இருக்கும். ‘10 யூனிட்’ என்பதை ‘10U’ என்று கிறுக்கியிருப்பார்கள். ஆங்கில எழுத்தைப் பூஜ்யமாக வாசித்தால் அது 100. குறித்த நேரத்துக்குள் குழுவாக நின்று எத்தனை பிழைகளைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். மருந்தாளுநர் கண்ணில் படுவது செவிலியருக்குத் தப்பும், செவிலியர் காண்பது மருத்துவருக்குத் தப்பும். பயிற்சியின் உண்மையான பாடம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இருந்தாலும் பயிற்சிக்கு ஓர் எல்லை உண்டு. ஆஸ்திரேலியச் செவிலியர்களைக் கவனித்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்து கொடுக்கும்போது குறுக்கிடும் ஒவ்வோர் இடையூறுக்கும் மருந்துப் பிழைகள் சுமார் 12 சதவீதம் கூடியது தெரிந்தது. போன் அடிக்கும், உறவினர் டிரிப்ஸ் முடிந்துவிட்டது என்று கூப்பிடுவார்; இதற்குக் கவனமாக இருங்கள் என்ற அறிவுரை மருந்தாகாது. செறிவான பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலைக் கலக்காமல் நேரடியாக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதைப் பற்றிப் பத்து வகுப்பு எடுப்பதைவிட, பொது வார்டு அலமாரியிலிருந்து அதை அகற்றிவிடுவது வலுவான காப்பு. ஆகவே நல்ல பயிற்சி, ஊழியரைத் திருத்துவதோடு நிற்காமல், எந்த அலமாரியை மாற்ற வேண்டும் என்று நிர்வாகத்திடம் சொல்லும் துணிவையும் அவருக்குத் தர வேண்டும்.

பலனை அளப்பதில்தான் பல நிர்வாகங்கள் தடுமாறுகின்றன. வகுப்பு முடிந்ததும் நடத்தும் தேர்வில் எல்லோரும் நல்ல மதிப்பெண் வாங்குவார்கள். அது வார்டில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாது. அடுத்த சில மாதங்களில் பதிவாகும் பிழைகளின் எண்ணிக்கை கூடினால், பயிற்சி தோற்றுவிட்டதாக எண்ணி அதிகாரிகள் முகம் சுளிப்பார்கள். தண்டனைக்கு அஞ்சி இதுவரை மறைத்தவர்கள் எழுதத் தொடங்கியிருப்பதாலும் எண்ணிக்கை கூடும். எனவே நோயாளியை எட்டுமுன் தடுக்கப்பட்ட பிழைகளைத் தனியாக எண்ண வேண்டும். கூடவே, மருந்து கொடுக்கும் நேரத்தில் ஒருவர் வார்டில் நின்று, பெயர் எப்படிக் கேட்கப்படுகிறது, இன்சுலின் அளவை இரண்டாமவர் தனியாகச் சரிபார்க்கிறாரா என்று நேரில் குறித்துக்கொள்ள வேண்டும்.