டிவியைக் குறை சொல்லும் முன் ஒரு டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள்

பெரிய டிவி வாங்கி மாட்டிய கையோடு என்னை அழைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். "பழைய டிவியிலேயே படம் நன்றாக இருந்தது. இதில் முகமே தெளிவாக இல்லை." வீடுகளில் டிவியைப் பொருத்திப் படத்தைச் சீர்செய்து கொடுப்பது என் தொழில். இப்படி அழைத்த பல வீடுகளில் டிவியில் ஒரு பழுதும் இருந்ததில்லை. டிவிக்குள் வரும் படமே மெலிந்துபோய் வருகிறது. டிவியை மாற்றிக் கொடுக்கச் சொல்லி விற்றவரோடு மல்லுக்கு நிற்கும் முன், நன்றாகத் தயாரிக்கப்பட்ட ஒரு ப்ளூ-ரே டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். அது பளிச்சென்று தெரிந்தால் டிவி நிரபராதி.

பிக்சல் எண்ணிக்கைதான் படத்தின் தரம் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படியானால் டிவிடியும், எச்டி அல்லாத சாதாரண எஸ்டி சேனலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். டிவிடியின் படம் 720க்கு 576 பிக்சல், சில நாடுகளில் 720க்கு 480. எஸ்டி சேனலின் உச்ச அளவும் அதுவே. ஆனால் அருகருகே வைத்துப் பார்த்தால் டிவிடியில் சட்டைத் துணியின் நெசவு தெரியும். சேனலில் அதே சட்டை வெறும் நிறத் திட்டாக இருக்கும். வித்தியாசம் பிட் வீதத்தில் இருக்கிறது. அதாவது, ஒரு நொடிப் படத்தைச் சொல்ல எவ்வளவு தரவு செலவிடப்படுகிறது என்பதில். டிவிடியில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 9.8 மெகாபிட் வரை போகலாம். 2006இல் வந்த ப்ளூ-ரேயில் 40 மெகாபிட் வரை. 2016இல் வந்த 4கே டிஸ்க்கில் ஒலியும் சேர்ந்து 100 மெகாபிட்டையும் தாண்ட முடியும். ஒளிபரப்பில் வரும் எஸ்டி சேனல்கள் பலவும் இரண்டு மூன்று மெகாபிட்டிலேயே காலம் தள்ளுகின்றன.

ஏன் இந்தச் சிக்கனம்? டிஸ்க்கின் இடம் முழுவதும் ஒரே படத்துக்குச் சொந்தம். ஒளிபரப்பில் ஓர் அலைவரிசையைப் பல சேனல்கள் பங்குபோட்டுக் கொள்கின்றன. ஒரே குழாயிலிருந்து தெருவே தண்ணீர் பிடிப்பதைப் போன்ற நிலைமை அது. எந்தச் சேனலில் அசைவு அதிகமோ அதற்குக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிடும் கருவிகள் உண்டு. எல்லாச் சேனல்களிலும் ஒரே நேரத்தில் அடிதடிக் காட்சி வந்துவிட்டால் எல்லோருக்கும் பற்றாக்குறைதான்.

நேரம் இன்னொரு காரணம். டிஸ்க்குக்காகப் படத்தின் தரவைச் சுருக்குபவர்கள் ஒரே படத்தை இரண்டு மூன்று முறை கணினியில் ஓட்டி, எந்தக் காட்சிக்கு அதிகத் தரவு தேவை என்று முன்கூட்டியே அறிந்து ஒதுக்குகிறார்கள். சிக்கலான காட்சியைக் கண்ணால் பார்த்துத் திருத்தவும் செய்கிறார்கள். நேரலையில் அதற்கெல்லாம் அவகாசம் கிடையாது. வந்த படத்தை வந்த வேகத்தில் சுருக்கி அனுப்ப வேண்டும். நிலையத்தில் ஒரு முறை சுருக்கியதை, வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் நிறுவனம் இன்னொரு முறை சுருக்குவதும் உண்டு. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நுணுக்கம் போகிறது, அது திரும்பி வருவதில்லை.

இதை நீங்களே பார்க்கலாம். விளையாட்டு ஒளிபரப்பில் கேமரா அசையாமல் நிற்கும்போது வீரரைப் பார்க்காமல் புல்தரையைப் பாருங்கள். புல் ஒரு கணம் கூர்மையாகத் தெரியும், மெல்ல மழுங்கும், மீண்டும் சட்டென்று கூர்மையாகும். ஏறத்தாழ அரை நொடிக்கோ ஒரு நொடிக்கோ ஒரு முறை இது நடக்கும். வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் ஃபிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள். சுருக்கிய வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப்படம் அல்ல. அவ்வப்போது ஒரு முழுப்படமும், இடையில் அதிலிருந்து மாறியவை மட்டும் கொண்ட ஃபிரேம்களும் வருகின்றன. பிட் போதாதபோது அந்த இடைவெளி கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. பரிசளிப்பு மேடையில் வண்ணக் காகிதத் துகள்கள் பறக்கும்போதோ, கேமரா ஃபிளாஷ்கள் மின்னும்போதோ படம் சின்னச் சின்னச் சதுரங்களாகச் சிதறுவதற்கும் இதே பற்றாக்குறைதான் காரணம். திரையின் கீழே ஓடும் செய்தி எழுத்துகளைச் சுற்றி மொய்க்கும் புள்ளிகளும் அதே வகை. நல்ல டிஸ்க்கில் இவை அரிதாகவே தலைகாட்டும்.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்தாக வேண்டும். படம் மங்கலாக இருக்கிறது என்று டிஷ்ஷைத் திருப்பிப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அனலாக் காலத்தில் அது சரி. சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளிகள் ஏறும். டிஜிட்டலில் சிக்னல் போதுமான அளவுக்கு வந்தால் படம் முழுமையாக வரும். அந்த அளவுக்குக் கீழே போனால் படம் உடையும், உறையும், ஒலி வெட்டுப்படும். மங்கலாக்கும் வேலையை அது செய்யாது. ஆகவே உடைந்து உறையும் படத்துக்கு டிஷ்ஷையும் கேபிளையும் பாருங்கள். நிலையான மங்கலுக்கு அவற்றைத் தொட்டுப் பயனில்லை. விலை உயர்ந்த எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினால் படம் கூர்மையாகும் என்ற பேச்சையும் நம்பாதீர்கள். கேபிள் பழுதானால் திரையில் மின்னல்போல் புள்ளிகள் தெறிக்கும் அல்லது படமே போய்விடும்.

சேனலையும் டிஸ்க்கையும் ஒப்பிடுவதென்றால் இரண்டையும் ஒரே தளத்தில் நிறுத்த வேண்டும். டிஸ்க் பிளேயருக்கு எச்டிஎம்ஐ, செட்-டாப் பாக்ஸுக்கு மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஒயர் என்று வைத்திருக்கும் வீடுகளை இன்றும் பார்க்கிறேன். அந்த மஞ்சள் ஒயர் ஒளியையும் நிறத்தையும் ஒன்றாகக் கலந்து அனுப்புகிறது. எச்டி சேனலும் அதன் வழியே எஸ்டியாகத்தான் வந்துசேரும். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் எச்டி சேனலுக்குப் பணம் கட்டிக்கொண்டே அதைப் பார்க்காமல் இருக்கிறார்கள். பாக்ஸில் எச்டிஎம்ஐ இருந்தால் அதை இணைத்துவிட்டு, வெளியீட்டு அமைப்பில் 576 என்று விடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பல டிவிகள் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியாகப் பட அமைப்பை நினைவில் வைக்கின்றன. ஒன்றில் 'விவிட்', மற்றொன்றில் 'சினிமா' என்று இருந்தால் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு அமைப்புகளை, இரண்டு கருவிகளை அல்ல. கருப்பு சாம்பலாக வெளிறியோ, நிழலில் உள்ளவை முழுதாக மறைந்தோ தெரிந்தால், பாக்ஸோ பிளேயரோ அனுப்பும் ஒளி அளவும் டிவி எதிர்பார்க்கும் அளவும் பொருந்தவில்லை என்று பொருள். டிவி அமைப்பில் எச்டிஎம்ஐ கருப்பு அளவு என்ற இடத்தில் அதைச் சரிசெய்யலாம்.

டிஸ்க் எப்போதும் வெல்லும் என்று நான் சொல்ல மாட்டேன். 1920க்கு 1080 பிக்சல் கொண்ட நல்ல எச்டி ஒளிபரப்பில், 576 வரி டிவிடியைப் போல் சரியாக ஐந்து மடங்கு பிக்சல்கள் இருக்கின்றன. பிட் வீதம் தாராளமாக இருந்தால் டிவிடி அதன் அருகே நிற்க முடியாது. நொடிக்கு 50 அல்லது 60 முறை அசைவைப் பதிவுசெய்யும் விளையாட்டு நேரலையின் வழுக்கும் ஓட்டம், நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் திரைப்பட டிஸ்க்கில் கிடைக்காது. பழைய வீடியோ நாடாவிலிருந்து அவசரமாக எடுத்துப்போட்ட டிஸ்க்குகளும் சந்தையில் ஏராளம்.

திரைப்படத்துக்கு மட்டும் என் வாக்கு ப்ளூ-ரேவுக்குத்தான். டிவி படம் நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படும் 50 ஹெர்ட்ஸ் முறை நாடுகளின் ஒளிபரப்பிலும் டிவிடியிலும் 24 ஃபிரேம் படத்தை 25ஆக ஓட்டுவது வழக்கம். நூறு நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் ஒரு ஃபிரேமை மூன்று தரமும் அடுத்ததை இரண்டு தரமும் காட்டுவதால், கேமரா மெதுவாகத் திரும்பும்போது படம் தத்தித் தத்திப் போகும். ப்ளூ-ரே 24ஐ அப்படியே கொடுக்கிறது. அகலத்திரைப் படத்தின் மேலும் கீழும் கருப்புப் பட்டை வரக் கூடாது என்று சேனல்கள் படத்தைப் பெரிதாக்கி ஓட்டும்போது, பக்கவாட்டில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு காட்சி வெட்டுப்படுகிறது. இயக்குநர் ஓரத்தில் நிறுத்திய ஆளை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

இனி எஸ்டி சேனலையே பார்த்தாக வேண்டியவர்களுக்கு. 55 அங்குல டிவியில் படத்தின் உயரம் சுமார் 68 சென்டிமீட்டர். எச்டிக்கு அதன் மூன்று மடங்கு, அதாவது இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் போதும். எஸ்டிக்கு ஆறு மடங்கு, நான்கு மீட்டர் வேண்டும். பழைய சின்ன டிவிக்கு அந்தத் தூரம் தானாகவே அமைந்துவிட்டது; அது நன்றாகத் தெரிந்ததன் ரகசியம் அதுதான். நாற்காலியை நகர்த்த இடமில்லையென்றால் 'ஷார்ப்னஸ்' அளவைக் குறையுங்கள்; அது விவரத்தைக் கூட்டாமல் சுருக்கத்தின் கறைகளையே தடித்துக் காட்டுகிறது. படத்தில் மொய்க்கும் புள்ளிகளைக் குறைக்கும் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' அமைப்பை நடுத்தரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள், முகங்கள் வழவழத்துவிடும். பாக்ஸின் வெளியீட்டை ஒரு முறை 576இலும் ஒரு முறை 1080இலும் வைத்து, ஓடும் செய்தி வரியைக் கவனியுங்கள். எதில் எழுத்தின் விளிம்பு நடுங்காமல் நிற்கிறதோ, எஸ்டி சேனல்களுக்கு அந்த அமைப்பையே பயன்படுத்துங்கள். எச்டி சேனலுக்குப் போகும்போது 1080க்கு மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள்.