மொட்டை மாடிக் கம்பிகளும் கொதிநீரில் கிடந்த துண்டும்

ஆனையூர், திருநகர், வில்லாபுரம் என்று மதுரையின் எந்தப் பக்கத்து மொட்டை மாடியில் ஏறி நின்றாலும், தூண் தலைகளில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் வீடுகளைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகும்போது மேலே ஒரு தளம் எடுக்கலாம் என்று விட்டுவைத்த கம்பிகள் அவை. கொடி கட்டவும் வற்றல் காயவைக்கவும் இடைஞ்சலாக இருப்பதாலும், குழந்தைகள் கண்ணில் குத்திவிடுமோ என்ற பயத்தாலும், பல வீடுகளில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி அவற்றைத் தரையோடு தரையாக மடக்கிவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து மாடி எடுக்கும்போது, அதே குழாயைச் செருகித் திரும்ப நிமிர்த்துகிறார்கள். கட்டுமானப் பொருட்களைச் சோதிக்கும் கூடத்தில் வேலை செய்பவன் என்ற முறையில், இந்தப் பழக்கத்தின் ஆபத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள், ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து இரண்டு கம்பித் துண்டுகளை எடுத்து என் மேசைமேல் வைத்தார். இரண்டும் 12 மி.மீ. கம்பிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டடி நீளம். "தம்பி, பதினாலு வருசத்துக்கு முன்னாடி நல்ல கம்பியாப் பார்த்துத்தான் வாங்கிப் போட்டேன். நிமிர்த்தும்போது கரும்பு மாதிரி முறிஞ்சுபோச்சு. கடைக்காரன் ஏமாத்திட்டானான்னு சோதிச்சுச் சொல்லுங்க" என்றார். முறிந்த முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தேன். அது தட்டையாகவும், உப்புக்கல்லை உடைத்தாற்போல மணிமணியாக மின்னுவதாகவும் இருந்தது. கம்பியின் மேலுள்ள குறுக்கு வரிகளில் ஒன்றின் அடியில், வளைவின் உட்புறத்திலிருந்து முறிவு தொடங்கியிருந்தது. முறிவதற்கு முன் கம்பி இளைத்ததற்கான அடையாளமே இல்லை.

நல்ல இரும்பு அப்படி முறியாது. எங்கள் கூடத்தில் இழுவிசைச் சோதனையை நேரில் பார்ப்பவர்களுக்கு இது ஒரே தடவையில் புரிந்துவிடும். முதலில் துண்டின் எடையையும் நீளத்தையும் அளந்து அதன் குறுக்குப் பரப்பைக் கணக்கிடுகிறோம், 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய 0.89 கிலோ இருக்க வேண்டும், பரப்பு 113 சதுர மி.மீ. வரும். விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு, அதாவது 60 மி.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளிகள் குத்திவிட்டு, இயந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கு இடையில் துண்டைப் பூட்டி இழுக்கிறோம். எஃப்ஈ 500 வகைக் கம்பியானால், அதாவது சதுர மி.மீ.க்கு 500 நியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டிய வகையானால், ஐந்தேமுக்கால் டன் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்க வேண்டும். அதுவரை இழுவையை விட்டால் கம்பி பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். அதைத் தாண்டியதும் இயந்திரத்தின் முள் சற்றுத் தயங்குகிறது, கம்பியின் மேலிருக்கும் கருஞ்செதில்கள் பொலபொலவென்று உதிர்கின்றன. இனி விட்டாலும் அது பழைய நீளத்துக்குத் திரும்பாது. ஆனாலும் அறுந்துவிடுவதில்லை, நீண்டுகொண்டே இன்னும் அதிகமான பாரத்தைத் தாங்குகிறது. கடைசியில் ஓரிடத்தில் மட்டும் கழுத்துப் போல ஒடுங்கி, வெடிச்சத்தத்தோடு அறுகிறது. அறுந்த இரண்டு பாதிகளையும் பொருத்தி, நாம் குத்திய புள்ளிகளுக்கு நடுவே திரும்ப அளந்தால், 60 மி.மீ. இருந்த இடம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று தெரியும். கான்கிரீட் கம்பிகளுக்கான இந்தியத் தரக்குறிப்பான ஐ.எஸ். 1786-இன்படி எஃப்ஈ 500 கம்பி 12 சதவீதமும், கூடுதலாக நீளக்கூடிய 500டி வகைக் கம்பி 16 சதவீதமும் குறைந்தபட்சம் நீள வேண்டும்.

எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் "எவ்வளவு பாரம் தாங்கியது" என்பதை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீட்சி எவ்வளவு என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. என் அனுபவத்தில், வீட்டில் குடியிருப்பவரின் உயிரைக் காப்பது அந்த இரண்டாவது எண்தான். முறையாக வடிவமைத்த பீமில் பாரம் கூடிப்போனால், கான்கிரீட் நொறுங்குவதற்கு முன்பே கம்பி நீளத் தொடங்கிவிடும். பீம் தொய்யும், விரிசல் கண்ணுக்குத் தெரியும், ஆட்கள் வெளியேற நேரம் கிடைக்கும். நீளாத கம்பி எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் அந்த எச்சரிக்கையைத் தராது. வளைக்க வராத கம்பிதான் உறுதியான கம்பி என்று சில மேஸ்திரிகள் இன்றும் சொல்வது முற்றிலும் தவறு.

பெரியவர் கொண்டுவந்த துண்டுகளின் நேரான பகுதியை இழுத்தபோது, அது குறைந்தபட்ச அளவைத் தாராளமாகத் தாண்டியது. புள்ளிகளுக்கு இடையே 71 மி.மீ. அளந்தோம், அதாவது 18 சதவீத நீட்சி. கடைக்காரர் ஏமாற்றவில்லை. நல்ல கம்பியை மடக்கி, பல ஆண்டுகள் கிடக்கவிட்டு, நிமிர்த்தியதில்தான் கேடு நேர்ந்திருக்கிறது.

இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. துண்டை ஓர் உருளையின் மேல் வைத்து, வளைவின் இரண்டு பக்கத்துக் கம்பிக்கும் நடுவே 135 பாகை வரும் வரை வளைத்து, கொதிக்கும் நீரில் அரை மணி நேரம் போட்டு எடுத்து ஆறவிட்டு, பிறகு அந்தக் கோணம் 157.5 பாகை ஆகும்வரை நிமிர்த்துகிறோம். வளைவில் விரிசல் காணக் கூடாது. கொதிநீர் எதற்கு என்று பலரும் கேட்பார்கள். கம்பியை வளைத்த இடத்தில் இரும்பின் படிக அடுக்குகள் நழுவிக் கலைகின்றன. இரும்புக்குள் கரைந்திருக்கும் மிகச் சிறிதளவு நைட்ரஜன் அணுக்கள் நாளடைவில் அந்த இடங்களில் போய்ச் சேர்ந்து, அடுக்குகள் மேற்கொண்டு நழுவாதபடி பூட்டிவிடுகின்றன. அந்த இடம் கடினமாகிறது, நீளும் தன்மையை இழக்கிறது. சாதாரண வெப்பத்தில் மெதுவாக நடப்பதைக் கொதிநீர் அரை மணியில் நடத்திக் காட்டுகிறது. இந்தச் சோதனையில் தேறிய கம்பிகூட, கூடத்தில் கம்பியின் விட்டத்தைப் போலப் பல மடங்கு பருத்த உருளையில் மெல்ல வளைக்கப்பட்டதுதான். பாதிக் கோணத்துக்கு மட்டுமே நிமிர்த்தப்பட்டதுதான். மாடியில் குழாயைச் செருகி, கான்கிரீட்டின் விளிம்போடு சுருக்காக மடக்கி, பிறகு முழுவதும் நிமிர்த்துவதை எந்தச் சோதனையும் அனுமதித்ததாக யாரும் எண்ணிவிடக் கூடாது.

முறியுமோ என்று பயந்து, கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்துபவர்களும் இருக்கிறார்கள். ஆலையிலேயே சூட்டாலும் நீராலும் பதப்படுத்திய டிஎம்டி கம்பிக்கு அது இன்னும் கெடுதல். ஆலையில் சிவந்த சூட்டில் வரும் கம்பியின்மேல் நீரைப் பீய்ச்சுவதால் வெளிப்புறம் மட்டும் சட்டென்று குளிர்ந்து கடினமாகிறது. உள்ளே மிஞ்சிய சூடு அதைப் பதப்படுத்துகிறது. குறுக்கே வெட்டி மெருகேற்றி, நைட்ரிக் அமிலம் சிறிது கலந்த ஆல்கஹாலைத் தடவினால், வெளியே கருத்த வளையமும் உள்ளே வெளிறிய நடுப்பகுதியும் தனித்தனியாகத் தெரியும். கம்பியின் வலிமையில் கணிசமான பங்கு அந்த வளையத்தில் இருக்கிறது. கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சினால், அந்த இடத்தில் வளையமே அழிந்துபோகும். சோதனைக்கான துண்டையும் கேஸில் அறுக்காமல், பிளேடில் அறுத்துக் கொண்டுவரும்படி நாங்கள் கேட்பதும் இதனால்தான். ஒரு சாண் துண்டு போதாது. ஒரே கம்பியிலிருந்து இல்லாமல், இறக்கிய கட்டுகளில் வெவ்வேறு கம்பிகளிலிருந்து மீட்டர் நீளத்துக்கு மூன்று துண்டுகளாவது வேண்டும்.

கம்பிகளை மேலே விட்டுவைப்பவர்கள் மடக்காமல் நேராக விட்டு, பின்னால் எளிதில் உடைத்தெடுக்கக்கூடிய சிமெண்ட் குறைந்த கலவையால் சுற்றிலும் மூடிவிடுவது நல்லது. துருவும் குறையும், குழந்தைகளுக்கும் குத்தாது. ஏற்கெனவே மடக்கியிருந்தால், யாரும் நிமிர்த்தத் தொடங்குவதற்கு முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

பெரியவர் வீட்டில் பொறியாளர் மடங்கிய கம்பிகளை அறுத்தெடுக்கச் சொல்லிவிட்டு, தூண்களில் துளையிட்டு, ரசாயனப் பசையில் புதிய கம்பிகளைப் பதிக்க ஏற்பாடு செய்தார். பசை இறுகிய பிறகு, சிறிய ஹைட்ராலிக் ஜாக்கியோடு நாங்களும் மாடிக்குப் போய், அவர் தேர்ந்தெடுத்த ஆறு கம்பிகளை அவர் குறித்துக் கொடுத்த பாரம் வரை இழுத்துப் பார்த்தோம். பெரியவர் வெயிலில் குடை பிடித்தபடி கடைசிவரை நின்று, ஒவ்வொரு கம்பியின் அளவையும் தன் டைரியில் எழுதிக்கொண்டார். ஆறில் எதுவும் நகரவில்லை.