வறுபட்ட கணவாயும் பறிபோன வேலையும்

சீனாவில் ஒருவரை வேலையை விட்டுத் தூக்கிவிட்டால், முதலாளி அவரைக் ‘கணவாய் வறுத்துவிட்டார்’ என்பார்கள். சீனத்தில் ‘சாவ் யோயூ’. சாவ் என்றால் வறு, யோயூ என்றால் கணவாய் மீன்.

இந்த அர்த்தம் எப்படி வந்தது என்பதை அடுப்படியிலேயே பார்த்துவிடலாம். கணவாய்ச் சதையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிச் சூடான எண்ணெயில் போட்டால், அதிலுள்ள கொலாஜன் என்ற புரதம் சட்டென்று சுருங்கும். தட்டையாகக் கிடந்த துண்டு கண்ணெதிரே குழல்போலச் சுருண்டுகொள்ளும். தென் சீனாவில் குவாங்தோங், ஹாங்காங் பக்கம் அந்தக் காலத்தில் கடைத் தொழிலாளிகள் பலர் வேலை பார்த்த இடத்திலேயே தங்கினார்கள். படுக்கை மட்டும் சொந்தம். வேலை போனால் அதைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ‘படுக்கையைச் சுருட்டு’ என்றாலே வேலை போச்சு என்று ஆனது. அப்புறம் படுக்கை இருந்த இடத்தில் கணவாய் வந்து உட்கார்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். இன்று கணவாயும் தேவையில்லை. ‘என்னை வறுத்துவிட்டார்கள்’ என்றாலே போதும். தானாக வேலையை விடுகிறவர் ‘முதலாளியை வறுத்துவிட்டேன்’ என்கிறார்! முதலாளிக்கு ஏது சுருட்டப் படுக்கை? காட்சி மறைந்து அர்த்தம் மட்டும் தனியாக நடமாடத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

உருவகம் ஒரு செயலை முழுசாக எடுத்துக்கொள்வதில்லை, அதன் ஒரு கூறை மட்டும் கிள்ளி எடுக்கிறது. வேலை நீக்கத்துக்குச் சுருளுதல். அதே ‘சாவ்’ பங்குச் சந்தைக்குப் போனால், வாணலியில் விடாமல் புரட்டிப் போடுவது: லாபத்துக்காகப் பங்குகளை மாற்றி மாற்றி வாங்கி விற்பது ‘பங்கு வறுத்தல்’.

எளிய வினைகள்தான் இப்படி அதிகம் அலைகின்றன. சீனத்தில் ‘தா’ என்றால் அடி. ஆனால் தொலைபேசியில் பேசுவது, கம்பளிச் சட்டை பின்னுவது, குடை பிடிப்பது எல்லாமே ‘தா’தான். அடிக்கிற வேகம் கரைந்து, கையால் எதையோ செய்வது என்ற அளவே மிஞ்சியிருக்கிறது. இது இன்றைய கதையும் அல்ல. 11ஆம் நூற்றாண்டில் சீனாவின் சோங் வம்ச அரசவை அறிஞர் ஓயாங் சியூ, படித்தவர்கள்கூட ‘தா’வைக் கண்டதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று குறைபட்டு ஒரு பட்டியலே எழுதினார். நீர் மொள்வதும் மீன் பிடிப்பதும் அதில் உண்டு. ‘தா ச்சே’யும் உண்டு. ச்சே என்றால் வண்டி. அப்போது அதற்கு வண்டி செய்வது என்று பொருள். இப்போது டாக்சி பிடிப்பது.